ரான் பாலா, கேரி ஜான்சனா? 2011 மாதிரி வாக்கெடுப்புகளில் ஒரு லிபர்டேரியன் வாக்கு

2011 பிப்ரவரியில் வாஷிங்டனில் நடந்த சீபேக் (CPAC) என்ற பழமைவாதிகளின் மாநாட்டில் 3,742 பேர் மாதிரி வாக்கெடுப்பில் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு ஒபாமாவை எதிர்த்துக் குடியரசுக் கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி. டெக்சாஸிலிருந்து காங்கிரசுக்குத் தேர்வாகியிருந்த ரான் பாலுக்கு 30 சதவீதம் கிடைத்தது. மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் மிட் ராம்னிக்கு 23. அதற்கடுத்து வெகுதூரம் தள்ளி, 6 சதவீதத்தோடு இரண்டு பேர்: ஒருவர் நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, மற்றவர் நியூ மெக்சிகோவின் முன்னாள் ஆளுநர் கேரி ஜான்சன்.

அரசு என் வருமானத்தில் கை வைப்பதைக் குறைக்க வேண்டும், என் தனிவாழ்க்கையில் மூக்கை நுழைக்கக் கூடாது, தொலைதூர நாடுகளில் போய்ப் போர் செய்யக் கூடாது. இந்த மூன்றையும் ஒருசேர நம்புகிறவர்களை அமெரிக்காவில் லிபர்டேரியன் என்கிறார்கள். குடியரசுக் கட்சிக்குள் அவர்கள் சிறுபான்மை. முதல் கோரிக்கைக்குக் கட்சியில் கைதட்டல் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் முறைப்புதான் கிடைக்கும். அப்படிப்பட்ட ஒருவருக்கு 2011இல் ஒரே வாக்குச்சீட்டில் பாலும் ஜான்சனும் இருந்தது அபூர்வமான வாய்ப்பு. அவர் யாருக்கு வாக்களித்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன். என் பதில் எந்த வாக்கெடுப்பு என்பதைப் பொறுத்து மாறுகிறது. பிப்ரவரியில் ஒருவர், ஆகஸ்டில் இன்னொருவர்.

அதற்கு முன்னால், இந்த வாக்குக்கு என்ன மதிப்பு என்று பார்த்துவிட வேண்டும். மாதிரி வாக்கெடுப்பில் வென்றவருக்குப் பதவி இல்லை. கட்சியின் தேசிய மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதியைக்கூட அது ஒதுக்குவதில்லை. சீபேக் வாக்கெடுப்பை நடத்துவது கட்சியும் இல்லை. அமெரிக்கன் கன்சர்வேட்டிவ் யூனியன் என்ற தனி அமைப்பு. இருந்தும் வேட்பாளர்கள் இதற்காக மெனக்கெடுகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. வாக்கெடுப்பின் முடிவு மறுநாள் செய்தியாகிறது. செய்தியைப் பார்த்து நன்கொடை வருகிறது. நன்கொடையும் பெயரும் சேர்ந்தால் கருத்துக்கணிப்பில் இடம் கிடைக்கிறது. கருத்துக்கணிப்பில் இடம் இருந்தால்தான் தொலைக்காட்சி விவாத மேடையில் நிற்க விடுகிறார்கள். ஆகவே இங்கே போடும் வாக்கை, "இவர் அதிபராக வேண்டும்" என்ற விருப்பமாக மட்டும் பார்த்தால் அதன் பாதிப் பயன் வீணாகிறது. "இவர் பேசுவதை நாடு கேட்க வேண்டும்" என்ற கோரிக்கையாகவும் அது வேலை செய்கிறது. இந்த இரண்டாவது பயனை மனதில் வைத்துத்தான் வேட்பாளர்களை ஒப்பிடுகிறேன்.

ரான் பால்

மகப்பேறு மருத்துவர். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தவர். 1971இல் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அறுத்ததுதான் தன்னை அரசியலுக்கு இழுத்தது என்று சொல்பவர். 1976இல் ஓர் இடைத்தேர்தலில் வென்று முதன்முதலாக காங்கிரசுக்குப் போனார். 1988இல் லிபர்டேரியன் கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்று அரை சதவீத அளவுக்கு வாக்கு வாங்கினார். பிறகு குடியரசுக் கட்சிக்கே திரும்பி, 1996இல் மறுபடியும் காங்கிரசுக்குள் நுழைந்தார்.

அவருக்கு வாக்களிக்க வலுவான காரணம் அவருடைய பேச்சைவிட அவர் சபையில் அழுத்திய பொத்தான்கள். 2001இல் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு சில வாரங்களிலேயே, அரசின் கண்காணிப்பு அதிகாரத்தை விரிவாக்கும் பேட்ரியாட் சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் அதை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் மூன்றே பேர். அவர் அதில் ஒருவர். 2002 அக்டோபரில் இராக் மீது படையெடுக்க அதிகாரம் தரும் தீர்மானம் வந்தபோது எதிர்த்த குடியரசுக் கட்சியினர் ஆறு பேர். அதிலும் அவர் இருந்தார். அந்த மாதங்களில் அமெரிக்காவில் போரை எதிர்ப்பது எவ்வளவு தனிமையான நிலைப்பாடு என்பது அப்போதைய செய்திகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சொந்தக் கட்சியின் அதிபர், சொந்தக் கட்சியின் பெரும்பான்மை, கொதித்துக்கொண்டிருந்த மக்கள், எல்லாவற்றையும் எதிர்த்து "இல்லை" என்ற ஒருவரிடம் வாக்குறுதிப் பட்டியல் கேட்கத் தேவையில்லை. சோதனை வந்தால் என்ன செய்வார் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் 2011 களத்தில் அவருக்கு இணை யாரும் கிடையாது என்பது என் திடமான எண்ணம்.

அடுத்தது ஃபெடரல் ரிசர்வ். மத்திய வங்கி என்ற விஷயத்தை நம் காலத்தில் அமெரிக்கத் தேர்தல் மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த வங்கியின் கணக்கை முழுமையாகத் தணிக்கை செய்யக் கோரி 2009இல் அவர் கொண்டுவந்த மசோதாவுக்கு இரு கட்சிகளிலிருந்தும் முந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். 2011 ஜனவரியில் உள்நாட்டு நாணயக் கொள்கைக்கான துணைக்குழுவின் தலைவரானார். முப்பது ஆண்டுகள் யாரும் காதுகொடுக்காத ஒரு பொருளைப் பேசிப் பேசி இந்த இடத்துக்குக் கொண்டுவந்த பிடிவாதத்துக்கு மரியாதை தரத்தான் வேண்டும்.

இனி அவரிடம் உள்ள குறைகள். அவற்றைச் சிறியவை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அவர் பெயரில் வெளியான செய்திமடல்களில் கறுப்பின மக்களைப் பற்றி அருவருப்பான வரிகள் இருந்தன. தான் எழுதவில்லை, படிக்கவும் இல்லை என்றார். எழுதவில்லை என்பதை ஏற்றுக்கொண்டாலும், தன் பெயரைத் தாங்கி, தன் பெயரால் பணம் ஈட்டிய ஒன்றில் என்ன அச்சாகிறது என்று பார்க்காமல் இருந்தது பெரும் தவறு. 2011 மே மாதம் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குத் தான் அன்றைக்கு வாக்களித்திருக்க மாட்டேன் என்றார். கடைக்காரரின் சொத்துரிமை என்பது அவர் வாதம். தன் ஊரிலேயே உணவகத்தில் உட்கார இடம் மறுக்கப்பட்ட மனிதரின் சுதந்திரத்தை அந்த வாதம் கணக்கில் சேர்க்கவே இல்லை. சுதந்திரத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த ஒருவர் இந்த இடத்தில் நின்றுவிட்டது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

கருக்கலைப்பை எதிர்க்கிறார். இங்கே பிறந்தாலே குடியுரிமை என்ற ஏற்பாட்டை நீக்க வேண்டும் என்கிறார். தன் தொகுதிக்கான நிதி ஒதுக்கீடுகளை மசோதாவில் சேர்க்கச் செய்துவிட்டு, மசோதாவையே எதிர்த்து வாக்களிக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. போதைப்பொருள் தடைச் சட்டங்களை மட்டும் தயங்காமல் எதிர்த்தார். தென் கரோலினா போன்ற பழமைவாத மாநிலத்தின் மேடையில், நாளைக்கே ஹெராயின் சட்டபூர்வமானால் நீங்கள் பயன்படுத்தத் தொடங்குவீர்களா என்று கூட்டத்தைக் கேட்டுக் கைதட்டல் வாங்கினார்.

கேரி ஜான்சன்

1974இல், கல்லூரி நாட்களில், அல்புகெர்க்கியில் வீடு வீடாகப் போய்ச் சின்னச் சின்னப் பழுது பார்க்கும் வேலை செய்தவர். அதுவே பிக் ஜே என்ற கட்டுமான நிறுவனமாக வளர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்தது. தேர்தல் அனுபவமே இல்லாமல் 1994இல் ஆளுநர் பதவிக்கு நின்று, பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சிக்காரரைத் தோற்கடித்தார். (அமெரிக்காவில் ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர், நம் ஊர் முதலமைச்சர் இடம் அவருடையது.) ஜனநாயகக் கட்சியினர் பெரும்பான்மையாக உள்ள நியூ மெக்சிகோவில் 1998இல் மறுபடியும் வென்று, 2003 தொடக்கம் வரை இரண்டு முறை முழுதாக ஆண்டார்.

எட்டு ஆண்டுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட மசோதாக்களை வீட்டோ செய்திருக்கிறார். "வீட்டோ ஆளுநர்" என்றே பெயர் வந்துவிட்டது. பாலின் எதிர்ப்பு வாக்குகளோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். 435 பேர் உள்ள சபையில் தனியாளாக "இல்லை" என்றால் மனசாட்சி தெளிவாகும், சட்டம் நிறைவேறிவிடும். ஆளுநர் "இல்லை" என்றால் சட்டம் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். மறுநாள் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பள்ளிக்கூடம், சாலை, சிறை என்று எல்லாவற்றையும் நடத்திக்கொண்டே செலவைக் கட்டுப்படுத்தி, மறுதேர்தலிலும் வென்றார் என்பது லிபர்டேரியன்கள் எப்போதும் எதிர்கொள்ளும் கேள்விக்கு நேரடிப் பதில்: "உங்கள் கொள்கையை வைத்து ஆட்சி நடத்த முடியுமா?"

1999இல், பதவியில் இருக்கும்போதே, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அன்றைய நிலையில் அமெரிக்காவில் அவ்வளவு உயர்ந்த பதவியில் இருந்த யாரும் அப்படிப் பேசியதில்லை. இன்று பல மாநிலங்களில் அது சட்டம். அன்று அவருடைய கட்சிக்காரர்களே அவரைக் கைவிட்டார்கள். கருக்கலைப்பு முடிவைப் பெண்ணிடம் விட வேண்டும் என்றார். எல்லையில் வேலி கட்டுவதை எதிர்த்து, வேலை செய்ய வருகிறவர்களுக்கு எளிதாக விசா கொடுங்கள் என்றார். ஒருபாலினத் தம்பதியரின் சேர்ந்து வாழும் உரிமையை ஆதரித்து, 2011 டிசம்பரில் திருமண உரிமை என்ற நிலைக்கே வந்தார். ஆக, தனிமனிதரின் வாழ்க்கை என்ற மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் பாலைவிட ஜான்சன்தான் முழுமையான லிபர்டேரியன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பணவிஷயத்திலும் அவர் சளைத்தவரில்லை. கூட்டரசின் செலவை 43 சதவீதம் வெட்டி வரவு செலவைச் சமப்படுத்துவேன் என்றார். வருமான வரியை எடுத்துவிட்டுத் தேசிய அளவில் நுகர்வு வரி கொண்டுவரும் ஃபேர்டாக்ஸ் திட்டத்தை ஆதரித்தார். இதை லிபர்டேரியன்களே இரண்டாகப் பிரிந்து நின்று விவாதித்தார்கள். புது வரி ஒன்றை நுழைய விட்டால் பழையதும் திரும்பி வந்து இரண்டும் தங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது.

வெளியுறவில்தான் சறுக்கல். ஆப்கானிஸ்தானிலிருந்தும் இராக்கிலிருந்தும் படைகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றார். லிபியாத் தலையீட்டை எதிர்த்தார். ஆனால் மனிதாபிமானக் காரணங்களுக்காகப் படை அனுப்புவதை ஏற்கலாம் என்றும் அதே ஆண்டில் பேசினார். பால் நாற்பது ஆண்டுகளாக ஒரே கோட்டில் யோசித்துவைத்திருந்த விஷயத்தை ஜான்சன் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருந்தார் என்று தோன்றியது. நியூ மெக்சிகோவில் தனியார் சிறைகளை வளர்த்துவிட்டதும் அவருடைய கணக்கில்தான் வரும். மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சும் அவரிடம் இல்லை. எவரெஸ்ட் ஏறிய மனிதர் மைக்கின் முன்னால் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு இரக்கம் காட்டும் தொழில் இல்லை அரசியல்.

மற்ற இருவர்

சீபேக் சீட்டில் லிபர்டேரியன்களின் கண்ணைக் கவர்ந்த இன்னொரு பெயர் மிட்ச் டேனியல்ஸ், அப்போதைய இண்டியானா ஆளுநர். கடன்தான் நாட்டின் தலைமேல் உள்ள பெரிய ஆபத்து, அது தீரும்வரை சமூக விவகாரங்களில் போர்நிறுத்தம் செய்துகொள்வோம் என்று கட்சியிடம் துணிந்து சொன்னவர். இண்டியானாவின் சுங்கச் சாலையை 2006இல் 380 கோடி டாலருக்குக் குத்தகைக்கு விட்ட நிர்வாகி. ஆனால் இளைய புஷ் ஆட்சியில் 2001 முதல் 2003 வரை வரவு செலவு அலுவலகத்தின் தலைவராக இருந்து, உபரி பற்றாக்குறையாக மாறியதை உள்ளே இருந்து பார்த்தவரும் இவரே. சீபேக்கில் 4 சதவீதம் பெற்றார். மே மாதம், போட்டியிடவில்லை என்று அறிவித்துவிட்டார். மாதிரி வாக்கெடுப்பில், களத்துக்கு வருவாரா என்றே தெரியாத ஒருவருக்கு வாக்களிப்பது அவரை அழைக்கும் கடிதம் மாதிரி. எழுதலாம்தான். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு முழுமையான தெரிவுகள் இருக்கும்போது ஏன் எழுத வேண்டும் என்பது என் கேள்வி.

மிஷெல் பாக்மன் விஷயம் வேறு. அப்போது மினசோட்டாவின் காங்கிரஸ் உறுப்பினர். வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்த தேநீர்க் கட்சி (டீ பார்ட்டி) இயக்கத்துக்கு 2010இல் பிரதிநிதிகள் சபையில் ஒரு குழுவைத் தொடங்கியவர். ஒருகாலத்தில் வரித்துறை வழக்கறிஞர். வங்கிகளைக் காப்பாற்றும் 2008 திட்டத்தை எதிர்த்தார், 2011இல் கடன் உச்சவரம்பை உயர்த்துவதை எதிர்த்தார். விடுமுறையில் கடற்கரைக்குப் போனால் லுட்விக் ஃபான் மீசஸின் புத்தகத்தை எடுத்துப் போவேன் என்று ஒரு பேட்டியில் சொன்னார். ஆஸ்திரியப் பொருளாதார மரபைச் சேர்ந்த மீசஸ் பாலுடைய கூட்டத்துக்கு ஆசான். அந்தப் பெயரைச் சொன்னாலே அவர்களில் பலர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் பேட்ரியாட் சட்டம் நீட்டிப்புக்கு வந்தபோது பாக்மன் ஆதரித்தார். ஆணும் பெண்ணும் மட்டுமே மணக்கலாம் என்று அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்றார். பால், தனிப்பட்ட முறையில் பழமைவாதியாக இருந்தும், அந்தத் திருத்தத்தை எதிர்த்து வாக்களித்தவர். வரவு செலவுப் பக்கம் மட்டும் சுதந்திரம் பேசி, கண்காணிப்பையும் தனிவாழ்க்கையையும் அரசிடம் ஒப்படைக்கும் ஒருவருக்கு லிபர்டேரியன் வாக்கு போவதை என்னால் ஏற்க முடியாது.

பிப்ரவரிக் கணக்கு

மறுபடியும் சீபேக்குக்கு வருவோம். 2010இலும் பால் 31 சதவீதத்தோடு முதலிடம் பிடித்திருந்தார். ஆகவே 2011இல் அவர் வென்றதும் செய்தி சிறுத்துப்போனது. மாணவர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், இதை எண்ணக் கூடாது என்ற பேச்சு முதல் நாளிலிருந்தே இருந்தது. டொனால்ட் டிரம்ப் அதே மேடையில் ஏறி ரான் பாலால் ஜெயிக்க முடியாது என்றபோது அரங்கம் கூச்சலிட்டது. வெளியே இருந்தவர்களில் பெரும்பாலோர் டிரம்ப் சொன்னதைத்தான் நம்பினார்கள். அதாவது பாலுக்கு விழும் ஆயிரத்து நூற்றோராவது வாக்கு யாருடைய கருத்தையும் மாற்றாத நிலை.

சதவீதங்களை ஆட்களாக மாற்றிப் பாருங்கள். பாலுக்கு ஏறத்தாழ 1,120 பேர், ராம்னிக்கு ஏறத்தாழ 860, ஜான்சனுக்கு ஏறத்தாழ 225. பாலின் ஆதரவாளர்களில் 200 பேர் ஜான்சனுக்கு மாறியிருந்தால் பால் 920 வாக்கோடு அப்போதும் முதலிடத்தில்தான் இருந்திருப்பார். ஜான்சன் 425 வாக்கோடு 11 சதவீதத்தைத் தாண்டி, தனியாக மூன்றாம் இடத்தில் நின்றிருப்பார். "குடியரசுக் கட்சியில் போரையும் போதைத் தடையையும் எதிர்க்கும் இரண்டு பேர் முதல் மூன்று இடங்களில்" என்ற செய்தி அதற்கு முன் எப்போதும் வராத செய்தி.

அது ஜான்சனுக்கு ஏன் தேவைப்பட்டது? ஏப்ரல் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் அவர் முறைப்படி களமிறங்கினார். மே 5இல் தென் கரோலினாவில் நடந்த முதல் விவாதத்தில் பாலோடு நின்றார். தன்னிடம் கேள்வியே வருவதில்லை என்று மேடையிலேயே முறையிட வேண்டியிருந்தது. ஜூனில் நியூ ஹாம்ப்ஷயர் விவாதத்துக்கு அவரை அழைக்கவில்லை. கருத்துக்கணிப்புச் சராசரி போதவில்லை என்பது காரணம். கணிப்பு நடத்தியவர்கள் பலர் அவர் பெயரைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. பெயர் இல்லாததால் சதவீதம் இல்லை, சதவீதம் இல்லாததால் மேடை இல்லை, மேடை இல்லாததால் பெயரும் இல்லை. இரண்டு முறை ஆளுநராக இருந்த ஒருவரை இப்படி வெளியே நிறுத்தியது அநியாயம். அந்தச் சுழலை உடைக்க அவரிடம் இருந்த சில கருவிகளில் சீபேக் வாக்கும் ஒன்று.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அரங்கில் இருப்பவருக்கு மற்றவர்கள் எப்படி வாக்களிக்கிறார்கள் என்று தெரியாதே, எல்லோரும் இப்படி யோசித்தால் பால் தோற்றுவிட மாட்டாரா? தோற்றிருக்கலாம். 2010இல் ராம்னியை 9 புள்ளி முந்தியவர் இரண்டாம் இடத்துக்கு வந்தால் அது அவமானம்தான். ஆனால் அந்த இழப்பு ஒருநாள் தலைப்புச் செய்தியோடு போயிருக்கும். பாலுக்கு ஏற்கெனவே படை இருந்தது; 2007 டிசம்பரில் ஒரே நாளில் இணையம் வழியாக 60 லட்சம் டாலர் திரட்டித் தந்த ஆதரவாளர்கள் எங்கும் போய்விடப் போவதில்லை. ஜான்சனிடம் அப்படி எதுவும் இல்லை. ஆகவே பிப்ரவரியில் என் வாக்கு ஜான்சனுக்கு.

ஆகஸ்டில், அயோவாவில்

ஏம்ஸ் என்ற ஊரில் நடக்கும் மாதிரி வாக்கெடுப்பை அயோவா மாநிலக் குடியரசுக் கட்சியே நடத்தியது. 1979இல் தொடங்கிய வழக்கம். பல்கலைக்கழக வளாகத்தில் கூடாரங்கள், இறைச்சி வாட்டும் அடுப்புகள், பாட்டுக் கச்சேரி, பேருந்துகளில் வந்திறங்கும் ஆதரவாளர்கள். வாக்களிக்க 30 டாலர் சீட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் வேட்பாளர்களே வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். கூடாரம் போடும் இடத்துக்கே ஏலம். சிறந்த இடத்தை ரான் பாலின் அணி 31,000 டாலருக்கு எடுத்தது. பாக்மனின் கூடாரத்தில் குளிர்சாதனம் ஓடியது, ராண்டி டிராவிஸ் பாடினார். காசு கொடுத்து வாங்கும் வாக்கெடுப்பு என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் சீபேக் போல இல்லாமல் அயோவாவில் குடியிருப்பவர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். சில மாதத்தில் காக்கஸில், அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளருக்கு வாக்களிக்கும் உள்ளூர்க் கூட்டங்களில், அமரப்போகும் அதே மக்கள். அதனால் இதற்கு எடை கூடுதல்.

2011 ஆகஸ்ட் 13இல் சீட்டில் ஒன்பது பெயர்கள். ஜான்சனின் பெயர் இல்லை. பெயரை எழுதிப் போடும் வசதி இருந்தது. அன்றுதான் தென் கரோலினாவில் களமிறங்கிய டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெரிக்கு 718 பேர் அப்படி எழுதிப் போட்டார்கள். ஜான்சனின் ஆதரவாளரும் எழுதியிருக்கலாம். எழுதியிருக்கக் கூடாது என்பதே என் தீர்ப்பு. ஏனென்றால் இந்த முறை முதலிடம் யாருக்கு என்பது உண்மையிலேயே தீர்மானமாகவில்லை. எதிரே நின்றவர் பாக்மன். பாலிடம் வந்திருக்க வேண்டிய செலவுக் குறைப்பு வாக்குகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவர். இரண்டு நாள் முன்பு அதே ஊரில் நடந்த விவாதத்தில், ஈரானோடு போருக்குப் போகும் பேச்சைச் சக வேட்பாளர் ரிக் சாண்டோரமை எதிர்த்து உரக்க மறுத்தவர் பால்தான். ஜான்சன் அந்த மேடையிலும் இல்லை.

முடிவு: பாக்மன் 4,823, பால் 4,671. வித்தியாசம் 152. மூன்றாம் இடத்தில் வந்த டிம் பாலென்டி, 2,293 வாக்கோடு, மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து முக்கிய அரசியல் நிகழ்ச்சிகளிலும் பாக்மன் அமர்ந்திருந்தார். 152 வாக்கில் பின்தங்கிய பால் எதிலும் இல்லை. தொலைக்காட்சி நையாண்டிக் கலைஞர் ஜான் ஸ்டூவர்ட் தன் நிகழ்ச்சியில் இதைப் படம்பிடித்துக் காட்டிய பிறகுதான், ஊடகங்கள் அவரை மறைக்கின்றனவா என்ற விவாதமே எழுந்தது. நான்கு மூலைகளிலும் பேருந்து நிற்கும் அந்த மைதானத்தில் இன்னும் மூன்று, நான்கு பேருந்து ஆட்கள் வந்திருந்தால், போரை எதிர்க்கும் ஒரு குடியரசுக் கட்சிக்காரர் ஏம்ஸில் வென்றார் என்று நாடு முழுக்கச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்த இழப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பாக்மனுக்கும் அந்த வெற்றி நிலைக்கவில்லை. 2012 ஜனவரி 3 காக்கஸில் 5 சதவீதத்தோடு ஆறாம் இடம், மறுநாள் விலகினார். பால் 26,036 வாக்கு, 21 சதவீதத்துக்கு மேல், மூன்றாம் இடம். அவருடைய ஆட்கள் கட்சியின் உள்ளூர்க் கூட்டங்களில் பொறுமையாக உட்கார்ந்து, தேசிய மாநாட்டுக்கான அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேரைத் தங்கள் பக்கம் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரசாரத்தின் மேல் ஒரு கறையும் உண்டு. பாக்மனின் அயோவாத் தலைவராக இருந்த மாநில செனட்டர் கென்ட் சொரன்சன் காக்கஸுக்குச் சில நாள் முன் பால் அணிக்குத் தாவினார். அதற்கு மறைமுகமாகப் பணம் கொடுக்கப்பட்டது நீதிமன்றத்தில் நிரூபணமாகி, பால் அணியின் மூத்த நிர்வாகிகள் 2016இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. பால் மேல் வழக்கு இல்லை. ஆனாலும் நேர்மையையே கொடியாகப் பிடித்த பிரசாரத்துக்கு இது பெரிய அடி.

ஜான்சன் 2011 டிசம்பர் 28இல் குடியரசுக் கட்சியைவிட்டு லிபர்டேரியன் கட்சிக்குப் போனார். 2012இல் சுமார் 12.7 லட்சம் வாக்குகள், 2016இல் சுமார் 45 லட்சம். அந்தக் கட்சியின் வரலாற்றில் அதுவரை யாரும் பெறாத எண்ணிக்கை. குடியரசுக் கட்சி மேடை கிடைக்காத ஒருவர் வெளியே போய்ச் சேர்த்த வாக்குகள் இவை.

அடுத்த தலைமுறையில் அதே கேள்வி

2015இல் கட்சி ஏம்ஸ் வாக்கெடுப்பையே கைவிட்டது. சீபேக் தொடர்ந்தது. பாலின் மகன், கென்டக்கி செனட்டர் ராண்ட் பால், 2013, 2014, 2015 என்று மூன்று ஆண்டும் முதலிடம். கடைசி முறை 25.7 சதவீதம். லிபர்டேரியன் வாக்குக்கு அவரோடு போட்டிக்கு வந்தவர் டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ், 11.5 சதவீதத்தோடு மூன்றாம் இடம். இங்கே தெரிவு எளிது என்று தோன்றலாம், அவ்வளவு எளிதில்லை. ராண்ட் 2013 மார்ச்சில் ஆளில்லா விமானத் தாக்குதல்களைக் கேள்வி கேட்டு செனட்டில் ஏறத்தாழ 13 மணி நேரம் தொடர்ந்து பேசியவர். குரூஸும் இடையில் எழுந்து அவருக்குத் துணை நின்றார். ஆனால் 2015 மார்ச்சில் ராண்டே ராணுவச் செலவை உயர்த்தும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஈரானுக்கு எழுதப்பட்ட எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்திட்டார். தந்தையின் ஆதரவாளர்கள் முகம் சுளித்தார்கள். கட்சியின் நடுப்பகுதியைப் பிடிக்கப் போய் இரு பக்கமும் இழந்தார். 2016 அயோவா காக்கஸில் 8,481 வாக்கு, 4.5 சதவீதம், ஐந்தாம் இடம். வென்றவர் குரூஸ், 27.6 சதவீதத்தோடு.

அப்படியும் 2015 சீபேக்கில் நான் ராண்டுக்கே வாக்களித்திருப்பேன். பிப்ரவரி 2011க்குச் சொன்ன காரணம் இங்கே பொருந்தாது. குரூஸ், ஜான்சனைப் போல மேடை மறுக்கப்பட்டவர் இல்லை. கட்சியின் வலதுசாரிகள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்புச் சட்டத்தைத் திருத்தும் ஃப்ரீடம் சட்டம் 2015 ஜூனில் வந்தபோது, அது போதாது என்று ராண்ட் எதிர்த்தார், குரூஸ் ஆதரித்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஐஎஸ்ஐஎஸ் மேல் குண்டுகளைக் கம்பளமாக விரிப்பேன் என்று அயோவாவில் பேசியவரும் குரூஸ்தான். குரூஸுக்கு விழுந்த ஒரு லிபர்டேரியன் வாக்கு தேநீர்க் கட்சி வாக்காகவே எண்ணப்பட்டது. ராண்டுக்கு விழுந்ததை, அவருடைய தடுமாற்றங்களையும் மீறி, கண்காணிப்பை எதிர்க்கும் வாக்காகத்தான் யாரும் படித்தார்கள்.